ஏழு ஹேசல்நட் கன்றுகள்

என் மகள் ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தது அதிகமில்லை. நாலைந்து கம்பளிச் சட்டைகள், தடித்தடியாகப் புத்தகங்கள், அவளுடைய அம்மாவுக்கு ஒரு சால்வை. எல்லாவற்றுக்கும் அடியில், முடிச்சுப் போட்ட காலுறைக்குள் இருபது இருபத்தைந்து கொட்டைகள். புன்னைக்கொட்டை அளவுதான் இருக்கும். தவிட்டு நிறம், கெட்டியான ஓடு.

"இது என்னது மக்ளே?" என்று கேட்டேன்.

"ஹேசல்நட்டுப்பா. நான் தங்கியிருந்த வீட்டம்மாக்க முற்றத்துல நிக்கது. நம்ம ஊருல முருங்கை நிக்கது மாதிரி அங்க வீட்டுக்கு வீடு நிக்கும். கெளம்பும்போ கை நெறய அள்ளித் தந்தாங்க."

மார்கழியிலும் தையிலும் அங்கே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்குமாம். இலை ஒன்றுகூட இல்லாத குச்சிகளில், அந்தப் பனிக்குள்ளேயே மஞ்சள் மஞ்சளாகச் சரம் தொங்குமாம். அதுதான் பூ. முதல் வருஷம் வீட்டு நினைப்பில் அழுதுகொண்டே இருந்ததாகவும், ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்து அந்தப் பூவைப் பார்த்த பிறகுதான் அங்கே இருந்துவிடலாம் என்று தோன்றியதாகவும் சொன்னாள். அழுத கதை எங்களுக்கு அன்றுதான் தெரியும். போனில் பேசும்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான் ரப்பர் நர்சரி வைத்திருப்பவன். தக்கலைக்கு மேற்கே, வீட்டை ஒட்டிய தோட்டத்தில், எங்கள் பேச்சில் விளையில், முப்பது வருஷமாகக் கன்று வளர்த்து, ஒட்டுக் கட்டி விற்கிறேன். நல்ல மரத்திலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு செதுக்கி எடுத்து, கன்றின் தண்டில் பட்டையைத் திறந்து உள்ளே வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் சுற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து நகத்தால் லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. பழுப்பென்றால் செத்துவிட்டது. செத்ததைச் செத்தது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வாங்க வருகிறவர்களிடம் ஒரு கன்றைக்கூடப் பொய் சொல்லிக் கொடுத்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை.

அந்தக் கொட்டைகளை அப்படியே மண்ணில் போட்டால் முளைக்காது என்று மகள் சொன்னாள். மூன்று நாலு மாதம் குளிரில் கிடக்க வேண்டும். ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் ஈர மணலை நிரப்பி, கொட்டைகளை அதற்குள் புதைத்து ஃபிரிட்ஜில் வைத்தாள். என் மனைவி மீன்சட்டி வைக்கும் தட்டு அது. "என் ஃபிரிட்ஜுக்குள்ள மண்ணைக் கொண்டு வச்சிருக்கா பாருங்க, டாக்டரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சில மாதங்கள் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது.

வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை அது வரும். மகள் நன்றாகப் படிக்கிறவள். ஆனால் கொரோனா காலத்தில் ஒன்றரை வருஷம் வீட்டுக்கு வந்து, மேல்மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கிறது என்று அங்கே குடை பிடித்து உட்கார்ந்து போனில்தான் பாடம் கேட்டாள். எத்தனையோ நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துப் படிக்க வேண்டிய காலம் அது. அந்தக் குறை தனக்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தாள்.

முதல் தடவை ஆறு மார்க்கில் போயிற்று.

முடிவு வந்த அன்று அவள் அழவில்லை. சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு மாதம் கக்கூசுக்கும் குளியலறைக்கும் தவிர வெளியே வரவில்லை. சோற்றைக் கதவருகில் வைத்தால் பாதி குறைந்திருக்கும், சில நாள் அதுவும் இல்லை. தலை வாரவில்லை. மனைவி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். நான் விளைக்குப் போய் ஒட்டுக் கட்டுவேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பாட்டிலை எல்லோரும் மறந்திருந்தோம். ஒருநாள் காலையில் மீனை வெளியே எடுக்கப் போன மனைவி, "இஞ்ச வாங்க, இஞ்ச வாங்க" என்று கத்தினாள். பாட்டிலின் கண்ணாடியோடு ஒட்டி வெள்ளை வெள்ளையாக வேர்கள் இறங்கியிருந்தன. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக மகளின் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினாள்.

"ஏட்டி, எழும்பிப் பாரு. உன் கொட்டை மொளச்சிருக்குட்டி."

நான் வாசலிலேயே நின்றேன்.  பிறகு மகளின் குரல் கேட்டது. பல நாள் பேசாததால் அது கரகரவென்று இருந்தது. "எத்தனை?"

ஏழு. அன்று மதியம் அவள் தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். நான் ரப்பர் கன்றுக்கு வைத்திருந்த பைகளில் ஏழு எடுத்து, செம்மண்ணும் சாணமும் ஆற்று மணலும் கலந்து நிரப்பிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக ஊன்றினாள். நகக் கண்ணில் மண் ஏறியிருந்தது. 

இரண்டு வாரத்தில் இலை விட்டன. வட்டமான, ஓரம் பல் பல்லாக, தொட்டால் கம்பளி மாதிரி இருந்த இலை. நம் ஊரில் அப்படி ஒரு இலையை நான் தொட்டதில்லை.

தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அடிக்கடி என் நர்சரிக்கு வருவார். தன் விளைக்குக் கன்று வாங்குவார், சாயா குடித்துவிட்டுப் போவார். படித்த மனிதர். அவர் வந்தபோது நான் அந்தப் பைகளைக் காட்டினேன். மகள் அப்போது வீட்டுக்குள் இருந்தாள். அவர் குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது இங்க பிடிக்காதுவே. குளிரு ராஜ்யத்து மரம். வருஷத்துக்கு ரெண்டு மூணு மாசம் எலும்புல தைக்க மாதிரி குளிரு அடிச்சாத்தான் அது ஒறங்கி முழிக்கும். ஒறக்கம் இல்லேன்னா பூக்காது. நம்ம ஊருல கொஞ்ச நாளு எலை விடும். அதுக்கப்புறம் நுனி கருகி நுனி கருகிச் செத்துரும். அந்தப் பையில வேற எதையாவது வையும்."

அவர் போன பிறகு நான் அங்கேயே நின்றேன். மகள் வெளியே வந்தாள். கையில் ஒரு சின்னக் குவளையில் தண்ணீர்.

"அவரு என்னப்பா சொன்னாரு?"

அன்றும் தலைக்குக் குளித்திருந்தாள், முடி இன்னும் ஈரமாக இருந்தது. சடை பின்னியிருந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பின்னிய சடை.

"கொள்ளாம்னு சொன்னாரு," என்றேன். "நல்ல கன்னுன்னாரு. மண்ணு பிடிச்சுக்கிட்டா காய்க்குமாம்."

"குளிரு வேணும்னு நெட்டுல போட்டிருக்கே?"

"அதெல்லாம் புஸ்தகத்துல உள்ளது மக்ளே. வெதையில இருந்து வாற கன்னு பொறந்த எடத்துக்கு ஒத்துப் போவும். நான் பாத்திருக்கேன் இல்லா."

நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் நெட்டை விட்டுவிட்டு என்னை நம்பினாள். முப்பது வருஷம் மண்ணில் கை வைத்த அப்பா சொல்கிறார் என்று நம்பினாள். அன்று இரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் புத்தகத்தைத் திறந்தாள். சொன்னது சரிதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அந்த ஏழு கன்றுகளையும் மழைக்காலத்தில் வீட்டின் வடக்குப் பக்கம் நிழலில் நட்டோம். மகள் தினமும் காலையிலும் சாயங்காலமும் போய்ப் பார்ப்பாள். படிக்கிற நாற்காலியை அங்கேயே கொண்டு போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றின் உயரத்தையும் நோட்டில் எழுதினாள், எந்த இலையில் புள்ளி விழுந்தது என்று எழுதினாள். நோயாளிகளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மனைவி ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வார்டுல ரவுண்ட்ஸ் போறா" என்று என் காதில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

இரண்டாவது பரீட்சையும் போயிற்று. நான் சொன்னேன், "அடுத்த தடவை கண்டிப்பா ஆயிரும் மக்ளே." அவள் இரண்டு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் செடிக்குத் தண்ணீர் விட எழுந்து வந்தாள். செடி இருந்ததால்தான் எழுந்தாள் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் அன்று பொய் சொன்னது சரியா தப்பா என்று என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அந்தக் கோடையில் மூன்று கன்றுகள் செத்தன. அவர் சொன்ன மாதிரியே நுனி கருகி, கருகல் கீழே இறங்கி. மீதி நாலும் இலையை உதிர்க்கவும் இல்லை, புது இலை விடவும் இல்லை. பழைய இலைகள் ஓரம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. அவள் வெயிலுக்கு ஓலை மறைப்புக் கட்டினாள். கேரளாவிலிருந்து ஏதோ மருந்து வரவழைத்து அடித்தாள். எனக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் அவள் கேட்கக் கேட்க நானும் சொன்னேன். வேப்பம் புண்ணாக்கு வை, அடியில் சருகு போடு, கரையானுக்குச் சாம்பல் தூவு. பொய்யான காரியத்துக்கு உண்மையான வைத்தியம்.

அந்த வருஷம் மார்கழி பிறக்கும்போது அவள் வந்து சொன்னாள். "அப்பா, வெளிநாட்டுல சூடான எடத்துல இருக்க ஒருத்தரு நெட்டுல எழுதியிருக்காரு. எலையை எல்லாம் கையால உருவிட்டு, வேரைச் சுத்தி தெனமும் ஐஸ் போடணுமாம். ரெண்டு மாசம். அப்பம் மரம் குளிருகாலம்னு நெனச்சுக்குமாம்."

"ஐஸா?"

"தேங்காய்ப்பட்டணத்துல மீனுக்கு ஐஸ் அடிக்காங்க இல்லா?"

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. "கொண்டு வந்துரலாம் மக்ளே" என்றேன்.

இரண்டு மாதம் விடியும் முன்பே பைக்கில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போனேன். வள்ளங்கள் கரை சேரும் நேரம். மீன் பெட்டிகளுக்கு நடுவில், ஐஸ் பிளாண்டில் கட்டி ஐஸை நொறுக்கிக் கொட்டுகிற இடத்தில் நானும் ஒரு தெர்மோகோல் பெட்டியோடு நிற்பேன். நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஐஸ் நொறுக்குகிறவர் கேட்டார்.

"அண்ணாச்சி, எங்க வச்சு மீனு விக்கிய?"

"மீனு இல்ல. செடிக்கு."

"செடிக்கா?"

"வேரு குளுரணும்."

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்தேன். "என்ன செடி அண்ணாச்சி, வெளிநாட்டுச் செடியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மவ வளக்கா. டாக்டரு." அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னும் ஒரு சட்டி ஐஸ் கூடுதலாக அள்ளிப் போட்டார்.

திரும்பி வரும்போது பெட்டியின் அடியிலிருந்து நீர் ஒழுகி என் முதுகெல்லாம் நனையும். மகள் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் காத்து நிற்பாள். இரண்டு பேருமாக நாலு செடிகளின் அடியிலும் ஐஸைப் பரப்பி மேலே வைக்கோல் போடுவோம். உருவிவிட்ட குச்சிகள் மொட்டையாக நிற்கும். பத்து மணி வெயிலுக்கெல்லாம் ஐஸ் கரைந்து, நீர் வழிந்து பக்கத்து வாழைக்குப் போய்விடும். அந்த வாழை மட்டும் அந்த வருஷம் கொழுத்து நின்றது.

சில நாள் ஐஸைக் கையால் பரப்பும்போது விரல் மரத்துப்போகும். அப்போது மகள் தன் கையை ஊதிக்கொண்டே, "அங்க இப்படித்தான்பா இருக்கும்" என்பாள். அங்கே பனியில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனது, பாஷை தெரியாத ஒரு கிழவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது, முதல் பிரசவம் பார்த்தது. இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது, அதற்கு முன் வாழ்நாள் முழுக்கப் பேசியதைவிட அதிகம். வேறு யாராவதாக இருந்தால் அந்தக் காலையை நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். என்னால் முடியவில்லை. இது ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஐஸைப் பரப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாசியில் இரண்டு குச்சிகளில் மொட்டு வீங்கியது. மகள் அதைப் படம் பிடித்து ஜார்ஜியாவுக்கு அந்த வீட்டம்மாவுக்கு அனுப்பினாள். நானும்கூட ஒருவேளை அவர் சொன்னது தப்பாக இருக்குமோ என்று ஒரு வாரம் நினைத்தேன். வந்தது நாலு இலை. சுருங்கி, வெளிறி, பத்து ரூபாய்க் காசு அளவுக்கு. அத்தோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டும் விழிக்கவே இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பழுப்பு.

இதற்குள் மூன்றாவது பரீட்சையும் நாலாவது பரீட்சையும் வந்து போயிருந்தன. ஒன்று மூன்று மார்க்கில் போயிற்று, அடுத்தது பதினெட்டு மார்க்கில். பதினெட்டு என்று அவள் சொன்னபோதுதான் எனக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. இவளால் இனி முடியாது என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். தோன்றிய அதே நிமிஷத்தில் வாய் சொல்லிற்று: "அடுத்த தடவை கண்டிப்பா ஆயிரும் மக்ளே." ஐந்தாவதுக்கும் அதையே சொன்னேன். வாய்க்கு அது பழகிப்போயிருந்தது.

ஐந்தாவதின் முடிவு வந்து ஒரு வாரம் இருக்கும். ஏதோ காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று அவள் தக்கலைக்குப் பஸ் ஏறினாள். மதியம் திரும்பி வந்தாள். நான் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்குள் போகாமல் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"அந்தத் தோட்டக்கலை சாரைப் பாத்தேன்," என்றாள்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"எங்கிட்ட அவரா வந்து பேசினாரு. 'அந்தச் செடி இன்னும் உயிரோட நிக்குதா, நான் அப்பமே உங்கப்பாட்ட பிடிக்காதுன்னு சொன்னேனே'ன்னாரு."

வெளியே யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு மொதல்லயே தெரியும் இல்லாப்பா?"

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"எலை விட்டப்பமே."

"அப்பம் ஐஸ்?"

"நீ கேட்ட. கொண்டு வந்தேன்."

"ரெண்டு மாசம்?"

"எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல மக்ளே. நீ எழும்பி நடந்தா போதும்னு இருந்துச்சு. ஒரு மாசம் நீ வெளிய வரல்ல. உங்கம்மை தெனமும் அழுதா. அந்தச் செடியைப் பாத்துத்தான் நீ வெளிய வந்த. அதுவும் சாவும்னு எப்படிச் சொல்லுவேன்?"

அவள் தலையாட்டினாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை. ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது என்று யோசிக்கிற முகம்தான் இருந்தது.

"அப்பா, நான் பாஸாயிருவேன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னியளே. அதுவும் இது மாதிரிதானா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு என்ன நேரம் ஆகும். என் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், எனக்கு அந்தப் பதினெட்டு மார்க் நினைவுக்கு வந்துவிட்டது. பிறகு, "இல்ல மக்ளே, அது வேற, இது வேற" என்றேன். ஒரு மூச்சு நேரம்தான் தாமதம். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"சரிப்பா," என்றாள். "சாப்பிட வாங்க. நேரமாச்சு."

அன்றிலிருந்து அவள் செடிகளைப் பார்க்கப் போகவில்லை. நாற்காலியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டாள். அறையைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாளோ என்று பயந்தோம், அதுவும் இல்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், டிவி பார்த்தாள், அம்மாவுக்கு மீன் கழுவிக் கொடுத்தாள். புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஆறாவது தடவைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்து போயிற்று. நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்லா?"

"சொன்னா நீ என்ன செய்திருப்ப?"

யோசித்தாள். "நானும் பொய்தான் சொல்லியிருப்பேன்," என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு மட்டும். அவ பாஸாவான்னு நான் உள்ளதாட்டே, நெசமாவே நெனச்சேன். இப்பமும் நெனைக்கேன். அதை அவ நம்ப மாட்டா. உங்களால அதை அவ இனி நம்ப மாட்டா."

நான் தரையில் கிடந்த மரச்சீனித் தோலை அள்ளிக்கொண்டு வெளியே போனேன்.

சென்னையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதுகிற குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று போட வேண்டுமாம். நாகர்கோவிலில் சாயங்கால ரயிலில் ஏற்றிவிடப் போனோம். மனைவி பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த நாலைந்து வார்த்தை இருந்தது. ரயில் கிளம்பும்போது, "பாத்துப் போ மக்ளே" என்று மட்டும்தான் வந்தது.

"ஆங்" என்றாள். அம்மாவுக்குக் கை காட்டினாள். எனக்கும் காட்டினாள்.

மீதி இருந்த இரண்டு கன்றுகளுக்கு நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சித்திரையில் ஒன்றைக் கரையான் தின்றது. இன்னொன்று ஆனி மழையில் வேர் அழுகிப் போயிற்று. பிடுங்கும்போது சல்லிவேர் ஒன்றுகூட இல்லை, குச்சி கையோடு வந்தது. மகளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டால் சொல்லிவிட வேண்டும், இதையாவது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. ஒரு வருஷம் ஆகிறது, கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போன் வரும். அம்மாவோடு அரைமணி நேரம் பேசுவாள். பிறகு போன் என்னிடம் வரும். "சாப்பிட்டியா மக்ளே?" "சாப்பிட்டேன்பா. நீங்க?" "ஆச்சு. அங்க மழை உண்டா?" "இல்லப்பா." அதற்கு மேல் போகாது. என்னிடம் அவள் மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. நான் எது சொன்னாலும் "சரிப்பா" என்கிறாள். அதை அவள் நம்புகிறாளா என்று எனக்குத் தெரிவதில்லை. "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்கிறாள். அது எந்த வகையான பதில் என்று எனக்குத் தெரியும். அந்த வகையை வீட்டில் முதலில் பழக்கியவன் நான்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரி அவசரமாக வந்தாள். அவளுடைய மாமியாருக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. "அண்ணே, டாக்டரு பிள்ளைக்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நம்ம பிள்ளை இருக்கும்போ வேற ஆருகிட்ட கேக்க?"

நான் போன் போட்டேன். வேலை நேரம், ஆனாலும் எடுத்தாள். சொன்னேன்.  அவள் பழைய குரலில், வேகமாக, படுக்கும்போது மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் போகிறதா, எத்தனை நாளாக, என்ன மாத்திரை என்று கேட்டாள். நான் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவச் சொல்லுங்கப்பா. காத்துக்கிட்டு இருக்காண்டாம். அப்புறம்..." என்று நிறுத்தினாள். "நான் டாக்டரில்லன்னு அவங்ககிட்ட சொல்லிருங்க."

"சரி மக்ளே," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணுமாம்," என்றேன். "டாக்டரு சொன்னா."

அவள் ஆட்டோவுக்கு ஓடினாள். நான் போனைப் பார்த்தேன். இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை; நான் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். காதில் வைத்து, "மக்ளே" என்றேன். அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அவள் போனை வைத்துவிட்டாள்.